காணாமல் போன நான்கு பாத்திகள்

எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்ப்பேன். "இது நல்ல தேங்காம்மா" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டிருந்தால், அன்று பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கணிதம் எடுக்கிறேன். "இது வெளிப்படை" என்று எழுதி ஒரு படியைத் தாண்டிப் போனால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். இந்தக் குணம் என் தொழிலுக்கு நல்லது என்றுதான் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு உத்திரமேரூரில். அம்மா இருக்கும் ஊருக்கு ஏரிக்கரைச் சாலை வழியாக ஸ்கூட்டியில் இருபது நிமிடம். அப்பா போன பிறகு கழனியைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நெல் அறுத்த பிறகு அரை ஏக்கரில் மட்டும் மல்லாட்டை போடுவோம். மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். அந்த அரை ஏக்கரில் முப்பத்தாறு பாத்திகள். தண்ணீர் ஒரு போர்க்கிணற்றிலிருந்து வருகிறது. அது எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொது. செவ்வாய், சனி இரண்டு நாளும் மோட்டார் ஓடும். காலை ஏழிலிருந்து பதினொன்று வரை எங்கள் முறை, அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் அவர்கள் முறை. கிணற்றிலிருந்து அவர்கள் கழனிக்கு ஒரு வாய்க்கால், எங்கள் கழனிக்கு ஒரு வாய்க்கால். எங்களுடையது நீளம். சிமெண்ட் எதுவும் போடாத வெறும் மண் வாய்க்கால்.

தண்ணீர் கட்டுவதற்கு ஒருவர் வருவார். மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தியின் மடையைத் திறந்து, அது நிறைந்ததும் அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். பார்க்க லேசான வேலை மாதிரி இருக்கும். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் வரப்பு உடைந்து போய்விடும். பன்னிரண்டு வருடமாக எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் இன்னும் மூன்று வீடுகளுக்கும் அவர்தான் தண்ணீர் கட்டினார். அவருக்கென்று சொந்த நிலம் கிடையாது. எங்கள் வாய்க்காலை ஒட்டிப் பத்து சென்ட் குத்தகைக்கு எடுத்துக் கத்திரி வைத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். அப்பா கடைசி வரை அவரை "வாடா, போடா" என்றே கூப்பிட்டார். நான் "வாங்க, போங்க" என்பேன். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்த மாசி மாதம் சித்தப்பா மகன் ஒரு கோரிக்கையோடு வந்தான்.

"அக்கா, எனக்கு செகண்ட் ஷிப்ட் போட்டுட்டாங்க. ஒரு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துடுது. உங்க நாலு மணி நேரத்த ரெண்டா ஒடச்சி, காலைல ரெண்டு, நான் போனப்புறம் மத்தியானம் ரெண்டுன்னு வச்சிக்கினா இன்னா? நடுவுல ஒம்போதுலேந்து ஒண்ணு வரைக்கும் நாங்க ஓட்டிக்கிறோம்."

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு. "தாராளமா வச்சுக்கோ" என்றேன். தண்ணீர் கட்டுபவர் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு சீவிக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதே வாரம்தான் வகுப்பில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஒரு எண்ணைக் கொடுத்தால் ஒரு எண்ணைத் திருப்பித் தரும் சார்பு ஒன்று இருக்கிறது, அது என்ன சார்பு என்று தெரியாது. அதன் பண்பு ஒன்று மட்டும் தெரியும். இரண்டு எண்களைக் கூட்டி அதனிடம் கொடுத்தாலும், தனித்தனியாகக் கொடுத்து விடைகளைக் கூட்டினாலும் ஒரே பதில் வரும். f(x + y) = f(x) + f(y). அவ்வளவுதான் தடயம். இரண்டுக்கும் பூச்சியத்தைப் போடு. f(0)-உம் அதன் இரு மடங்கும் சமம் என்று வரும். அப்படியானால் f(0) பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து என்றால் இரண்டுக்குப் பத்து, மூன்றுக்குப் பதினைந்து, அரைக்கு இரண்டரை. பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்வதை அன்றும் சொன்னேன். ஆளை நேரில் பார்க்கத் தேவையில்லை, அவனுடைய குணம் ஒன்று தெரிந்தால் போதும், முழு ஆளையும் பிடித்துவிடலாம் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

முறையைப் பிரித்து இரண்டாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம் கழனிக்குப் போனேன். கடைசி நான்கு பாத்திகள் காய்ந்து கிடந்தன. மற்ற பாத்திகளில் ஈரம் மினுமினுத்தது. இந்த நான்கில் மட்டும் மண் வெளுத்து, செடி இலை மடக்கி நின்றது. காலால் கிளறிப் பார்த்தேன், உள்ளேயும் ஈரமில்லை. எண்ணினேன். நனைந்தவை முப்பத்திரண்டு.

மோட்டார் அதே மோட்டார், நேரம் அதே நான்கு மணி நேரம். அப்படியானால் நான்கு பாத்தித் தண்ணீர் எங்கே போனது? திரும்பி வரும்போது வாய்க்காலை ஒட்டி அவருடைய கத்திரித் தோட்டம் கண்ணில் பட்டது. பச்சைப் பசேலென்று இருந்தது. பூவும் பிஞ்சுமாகக் குலுங்கியது. அதன் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாயை விட்டேன். அங்கேதான் முதல் தப்பு செய்தேன்.

"நானும் பாத்துக்கினுதான் கீறேன். நம்ப செடி வாடுது, அவன் கத்திரி தளதளன்னு கீது. உங்கப்பா இருந்தா வுட்டிருப்பாரா? நீதான் வாங்க போங்கன்னு தலைமேல தூக்கி வச்சிக்கினு ஆடற" என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு மத்தியான முறை முடிகிற நேரத்துக்குப் போய் நின்றேன். காலையில் பதினாறு, மத்தியானம் பதினாறு. மறுபடியும் முப்பத்திரண்டு. அவர் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க, கடைசி நாலு பாத்திக்குத் தண்ணி ஏறவே இல்லியே, ஏன்?"

"வாய்க்கா குடிக்குதும்மா."

"போன மாசமும் இதே வாய்க்கால்தானே?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் இன்னாத்துக்கும்மா உங்க தண்ணிய எடுக்கப் போறேன்?" என்றார்.

எடுத்தீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாத குற்றத்துக்கு இவர் ஏன் பதில் சொல்கிறார்? என் சந்தேகம் அந்த இடத்தில் கெட்டியானது. என் கேள்வியிலேயே குற்றச்சாட்டு இருந்தது என்பதும், அதைக் கேட்கிற காது அவருக்குப் பன்னிரண்டு வருடமாகப் பழகியிருந்தது என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஏழு மணிக்கு முன்பே போய், வண்டியை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினேன். கொட்டகை ஓரத்தில் நின்றால் வாய்க்காலும் கத்திரித் தோட்டமும் எங்கள் கழனியும் நன்றாகத் தெரியும். நாற்பத்தைந்து வயதில், பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஒருத்தி, எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒளிந்து நின்றேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவருடைய கைகளையே பார்த்தேன். மண்வெட்டி எங்கே இறங்குகிறது, வரப்பை எங்கே தொடுகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன்.

அவர் தோட்டத்துப் பக்கமே திரும்பவில்லை. ஒரு மடையைத் திறந்தார், அடைத்தார், அடுத்ததைத் திறந்தார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டார். பீடிகூடப் பற்ற வைக்கவில்லை. ஒன்பது மணிக்கு மோட்டார் நின்றபோது பதினாறாவது பாத்தி நிறைந்திருந்தது.

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தார். சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, மண்வெட்டியை என் காலடியில் வைத்தார்.

"பாத்துட்டீங்களா டீச்சரம்மா? பதினாறு. உங்க வண்டிக் கண்ணாடி காலைலேந்து என் கண்ல அடிச்சிக்கினே இருந்துச்சி. சொல்லியிருந்தா வரப்பு மேல வந்து நல்லா ஒக்காந்தே பாத்திருக்கலாம். இன்னாத்துக்கு வெயில்ல நின்னீங்க?"

அவர் போய்விட்டார். மத்தியான முறைக்கு வரவில்லை.

வெட்கம் வர வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் பார்ப்பது தெரிந்ததால் யோக்கியமாக இருந்திருக்கிறார் என்று நினைத்தேன். வண்டியை எடுத்து ஏரிக்கரை பாதி வந்த பிறகுதான் உறைத்தது. யோக்கியமாக இருந்த நாளிலும் பதினாறுதானே? பதினெட்டு வந்திருந்தால்தான் மற்ற நாட்களில் அவர் திருடினார் என்று அர்த்தம்.

சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன். அவர்கள் கழனியில் எப்போதும்போல ஏறுகிறது, குறையவில்லை என்றான். அப்படியானால் மோட்டாரும் சரி, கிணறும் சரி. தண்ணீரை யாரும் எடுக்கவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது.

திங்கட்கிழமை அம்மா போனில் சொன்னார். குரலில் ஒரு திருப்தி இருந்தது. "சித்தப்பா வூட்ல அவன நிறுத்திட்டாங்க. மேலத்தெரு ரெண்டு வூட்லயும் வேற ஆளு பாத்துட்டாங்களாம். பால் ஊத்தற எடத்துல நான்தான் சொன்னேன்."

அவரே விட்டுப்போன எங்கள் கழனியையும் சேர்த்தால், ஐந்து வீட்டு வேலையில் நான்கு வீட்டு வேலை போய்விட்டது. மல்லாட்டை முடிகிற வரை அந்த வருமானத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். அவர் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமானால் அந்த நான்கு பாத்தி எங்கே போனது என்றும் நான்தான் சொல்ல வேண்டும். "இல்லை, அவர் நல்லவர்" என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

அன்று சாயங்காலம் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை மணி நேரம் ஓட்டினால் இத்தனை பாத்தி என்பது ஒரு சார்பு. நான்குக்கு முப்பத்தாறு, இரண்டுக்குப் பதினாறு. நான்கு என்பது இரண்டும் இரண்டும். என் பண்பு சரியென்றால் பதினாறும் பதினாறும் முப்பத்தாறாக இருக்க வேண்டும். இல்லை, நான்கு குறைகிறது. இத்தனை நாளாகப் பண்பு சரி, ஆள்தான் திருடன் என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஆள் சரியானவர், பண்புதான் தப்பு என்று ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை. இந்தச் சார்புக்கு அந்தப் பண்பு உண்டு என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன். அதற்கு நிரூபணம் கேட்கவில்லை. வெளிப்படை என்று தாண்டிப் போய்விட்டேன்.

உண்மையில் உள்ள பண்பையே எழுதினேன். f(x + y) = f(x) + f(y) + 4. ஒரே மூச்சில் ஓட்டினால், உடைத்து ஓட்டுவதைவிட எப்போதும் நான்கு பாத்தி கூட வரும். இது உண்மையானால் மற்றதையும் இதுவே சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் என்பது ஒன்றும் ஒன்றும். பதினாறிலிருந்து நான்கைக் கழித்துப் பாதியாக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஆறு பாத்தி. கடைசியாகப் பூச்சியத்தைப் போட்டுப் பார்த்தேன். பூச்சிய மணி நேரத்துக்கு மைனஸ் நான்கு பாத்தி என்று வந்தது.

மைனஸ் நான்கு பாத்தி! பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மோட்டார் போடுவதற்கு முன்பே எங்கள் கழனி நான்கு பாத்தி பின்தங்கி நிற்கிறது. முதல் பாத்தியைத் தொடுவதற்கு முன் நான்கு பாத்தித் தண்ணீரை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் வாங்கிக்கொள்கிறார்கள். முன்பு ஒருமுறை போட்டோம், இப்போது இரண்டுமுறை போடுகிறோம்.

வாய்க்கால் குடிக்கிறது என்று அவர் சொன்னது இதைத்தான். நடுவில் நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்தால் மண் வாய்க்கால் மறுபடி காய்ந்துவிடும்.

தாளின் மூலையில் "ஒரு மணி நேரம் – 6" என்று எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை போனேன். சித்தப்பா மகனையே மண்வெட்டியைப் பிடிக்கச் சொல்லி, சரியாக ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டச் சொன்னேன். இந்த முறை யாருடைய கையையும் பார்க்கவில்லை. மோட்டார் கொட்டகையிலிருந்து தண்ணீரோடு கூடவே நடந்தேன். சனிக்கிழமை முழுக்க நின்றேனே, தண்ணீரை ஒருமுறையாவது பார்த்தேனா? காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நடைபழகும் குழந்தை மாதிரி நகர்ந்தது. வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கிக் காணாமல் போய், நிறைந்து, மேலே வந்து, மறுபடி நகர்ந்தது. எலி வளை ஒன்றில் இரண்டு நிமிடம் நின்றேவிட்டது. முதல் மடைக்கு வந்து சேர இருபத்து நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் முடிந்தபோது நனைந்த பாத்திகள் ஆறு.

"எப்படிக்கா கரீக்ட்டா சொன்ன?" என்றான் சித்தப்பா மகன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் கணக்கு சரியாக வந்ததில்தான் சந்தோஷப்பட்டேன்.

அப்படியே தண்ணீர் கட்டுபவரின் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல்முறை. வழியில் அவர் மனைவி குளத்துப் பக்கமிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து கத்திரித் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடங்களை இறக்கி வைத்துவிட்டுக் கூடவே வந்தார். கத்திரி எப்படிப் பச்சையாக இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். நான் தாளைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தாறு, பதினாறு, ஆறு, மைனஸ் நான்கு. தப்பு என்னுடையது, முறையைப் பிரிக்கச் சம்மதித்ததும் நான்தான், இனி பழையபடி ஒரே ஓட்டமாக நான்கு மணி நேரம், மத்தியானத்தில் வைத்துக்கொள்வோம் என்றேன். நிறுத்தின வீடுகளுக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் தாளை வாங்கி, அதிலிருந்த எண்களை மட்டும் மெதுவாகப் பார்த்தார்.

"இத்தினி கணக்கு போட்டீங்களா எனக்கோசரம்?" என்றார். குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் மனைவிதான் கேட்டார். "கணக்கு வராம போயிருந்தா டீச்சரம்மா?"

ஆறு வராமல் ஏழு வந்திருந்தால் நான் இந்த வாசலுக்கு வந்திருக்கமாட்டேன் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது.

அம்மாவை வண்டியில் உட்கார வைத்து வீடு வீடாக அழைத்துப் போனேன். அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தார், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சித்தப்பா வீட்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். மேலத்தெருவில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். இன்னொரு வீட்டில் மட்டும், "அதான் வேற ஆளு வச்சிட்டோமே, எதுக்கு வம்பு" என்று முடித்துக்கொண்டார்கள். வாய்க்கால் குடித்த கதையை அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை.

அவர் எங்கள் கழனிக்கும் வந்தார். நான்கு மணி நேரத்தில் முப்பத்தாறு பாத்தியும் நனைகிறது. ஆனால் வந்த முதல் நாளே என் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. ஒரு படம். திறந்த மடை, தண்ணீர் பாயும் பாத்தி. ஆறு நிமிடம் கழித்து அடுத்த மடை. இடையிடையே கத்திரித் தோட்டத்து வரப்பு, உடைக்காமல் முழுதாக இருப்பது தெரிகிற மாதிரி. மகனிடம் கேட்டுப் படம் அனுப்பக் கற்றுக்கொண்டாராம். அன்று ஒரே நாளில் முப்பத்தாறுக்கு மேல் படங்கள் வந்தன.

"இதெல்லாம் வேணாங்க, உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று போன் செய்து சொன்னேன்.

"இருக்கட்டும்மா. நாளைக்கு எதுனா கொறஞ்சிச்சின்னா நான் யாராண்ட போய் சொல்றது?"

இரண்டு வருடமாகச் செவ்வாயும் சனியும் அந்தப் படங்கள் வருகின்றன. ஈரக் கையால் போனை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புகிறார். வந்ததும் அழித்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தோட்டத்து வரப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்த பிறகுதான் அழிக்கிறேன். நேற்றும் பார்த்தேன்.